உனக்கு என்ன குடுத்தாங்க

...இல்லை, இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் தானாக வந்ததில்லை, அந்த மஞ்சள் கட்சித் தொப்பிகளைப் பார்த்தாலே தெரிகிறதே, எல்லாம் மடிப்புக் கலையாத புதுசு, என்று நினைத்துக்கொண்டே டெல்சி மேடைப்பக்கம் இன்னும் கொஞ்சம் முண்டினாள். உவான்காயோ நகரின் பெரிய சதுக்கத்தில் மதியத்திலிருந்து நிற்கிறாள், மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, என்ஜினியர் ஓயார்ஸேவை இன்னும் காணோம். ஜனாதிபதி ஆகப்போகிறவர் சொன்ன நேரத்துக்கு வருவாரா என்ன... வரட்டும், மெதுவாகவே வரட்டும், புள்ளியியல் பரீட்சையை விட்டுவிட்டு வந்தவளுக்கு இனி என்ன அவசரம். மாமாவுக்கு அது தெரிந்தால் தொலைந்தாள். காலையில் மஞ்சள் சட்டையைப் பார்த்ததுமே அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது, வேன் கண்ணாடியைத் துடைத்தபடி, "என்னம்மா, நீயும் போர்த்தாத்தில் ஆயிட்டியா?" என்றார். பேட்டரி ரேடியோவைத் தூக்கிப்போகிற மாதிரி ஊர் ஊராகத் தூக்கிப்போய் இறக்கி, கைதட்ட வைக்கும் கூட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர். நான் என் இஷ்டத்துக்குப் போறேன் மாமா, என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மத்தியானம் சோத்து டப்பா குடுப்பான், விட்டுட்டு வந்துடாத, டப்பா வீட்டுக்கு ஆகும்."

டப்பாவாம். இவருக்கு என்ன தெரியும், போன மாதம் என்ஜினியர் வந்தபோது பல்கலைக்கழக அரங்கில் அவள் எழுந்து நின்றது இவருக்குத் தெரியுமா, எங்க ஊர் ஆத்துல மீன் செத்து மிதக்குது, ஆடு தண்ணியை மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது, நீங்க வந்தா என்ன செய்வீங்க என்று கேட்டதும், என்ஜினியர் தாளைக் கீழே வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாரே. "உன் பேர் என்னம்மா?" டெல்சி. "டெல்சி, இந்த ஊர் சதுக்கத்துல நான் பேசும்போது முதல்ல உன் ஆத்தைப் பத்தித்தான் பேசுவேன்." அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள், அம்மா நம்பவில்லை, பெரிய மனுசன் உன் பேரைக் கேட்டானா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள், பிறகு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இந்நேரம் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பாள். ஆறு என்று ஒரே ஒரு வார்த்தை, ஊர்ப் பெயர்கூட வேண்டாம், அது அவர் வாயில் வந்துவிட்டால் போதும், பரீட்சை போனால் போகட்டும்.

ஆனால் இவர்கள் ஏன் வந்திருக்கிறார்கள்? அதோ அந்தக் குடும்பம், வரிசையாக உட்கார்ந்து ஒரே மாதிரி டப்பாவில் ஒரே மாதிரி உருளைக்கிழங்கு தின்கிறது, கட்சியின் கெட்டில் சின்னம் மூடியில் ஒட்டியிருக்கிறது. அங்கே சட்டைக்கு மேல் கோட்டுப் போட்ட ஆள், அவன் துண்டைத் தூக்கினால் சத்தம், இறக்கினால் அமைதி. டெல்சி அவன் தூக்கும் முன்பே ஒருமுறை கத்திவிட்டாள், தனியாகக் கேட்டது அவள் குரல், நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், யாருடா இது ஓவராக வேலை செய்கிறது என்பது போல. அப்போதிருந்து அவளுக்கும் துண்டின் மேலேயே கண். சீ, இது என்ன வெட்கக்கேடு... பக்கத்தில் நிற்கும் அம்மாள் மட்டும் திரும்பவில்லை, பழுப்புத் தொப்பி, முதுகில் மூட்டை கட்டிய கம்பளித் துணி, வலது கையை நெஞ்சில் வைத்து எதையோ பொத்திக்கொண்டிருக்கிறாள். இவளையும் எந்த பஸ்ஸில் ஏற்றி வந்தார்களோ.

வந்துவிட்டார். துண்டு மேலே போனது, சதுக்கமே அதிர்ந்தது, டெல்சிக்கும் கண் நிறைந்தது, அது பொய் இல்லை, யாரும் துண்டைத் தூக்கி வரவழைத்த கண்ணீர் இல்லை. யாரோ தலையில் கவிழ்த்த தொப்பியோடு என்ஜினியர் இரண்டு அடி ஆடினார், தாளம் தப்பியது, பரவாயில்லை, தலைநகர் லீமாக்காரர் அப்படித்தான் ஆடுவார். பேசினார், சாலை என்றார், ஆஸ்பத்திரி என்றார், முதல்ல என்றாரே, முதலில் சாலையா வந்தது... இருக்கட்டும், கடைசியில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று வைத்திருப்பார். மழைத்துளி விழ ஆரம்பித்தது. அப்போது குரலைத் தாழ்த்தினார். "காஹமார்க்காவுல ஒரு மாணவி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எங்க ஆத்துல மீன் செத்து மிதக்குதுய்யா, ஆடுகூட அந்தத் தண்ணியை மோந்து பாத்துட்டுப் போயிடுதுய்யான்னு அழுதா."

துண்டு மேலே போனது. காஹமார்க்காவா, அது எங்கோ வடக்கே இருக்கிற ஊராச்சே. அங்கேயும் ஓர் ஆறு இருக்கலாம், அங்கேயும் ஆடு மோந்து பார்க்கலாம், ஆடு எல்லா ஊரிலும் ஆடுதானே, இன்னொரு பெண் இதே வார்த்தையில் கேட்டிருக்கலாம்... இதே வார்த்தையிலா? நான் அழவில்லையே. ஒருவேளை காஹமார்க்கா மேடையில் உவான்காயோவில் ஒரு பெண் அழுதாள் என்று சொல்லியிருப்பாரோ, அங்கே யாராவது ஒருத்தி இப்படி நின்று கேட்டிருப்பாளோ. அம்மா இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்கிறாள்? ரேடியோவை அணைத்துவிட்டாளா, இல்லை, அவர் ஊர் பேரை மாத்திச் சொல்லிட்டார், அது எங்க டெல்சிதான் என்று அடித்துப் பேசுகிறாளா, இரண்டில் எது மோசம் என்று டெல்சிக்குத் தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், அவள் கத்தவில்லை, பக்கத்து அம்மாளும் கத்தவில்லை.

அந்த அம்மாள் குனிந்து இவள் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா, அழறியா?"

"இல்லம்மா, மழை."

"எந்தப் பக்கத்துல இருந்து வர்ற? உனக்கு என்ன குடுத்தாங்க?"

ஒன்றும் கொடுக்கவில்லை, நானே வந்தேன், பரீட்சையை விட்டுவிட்டு வந்தேன், இந்தச் சட்டையை நானே கடை கடையாகத் தேடி வாங்கினேன் என்று சொல்ல வாய் திறந்தாள், சொன்னால் இவள் எப்படிப் பார்ப்பாள் என்று ஒரு நொடி தோன்றியது, காலையில் மாமா பார்த்த பார்வை, கத்தினபோது அந்த நாலைந்து பேர் பார்த்த பார்வை. "சோத்து டப்பா," என்றாள் டெல்சி. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, சொன்னதும் மனசு லேசாகக்கூட ஆகிவிட்டது, அதுதான் பயமாக இருந்தது.

"எனக்கும் அதான்," என்றாள் அந்த அம்மாள், சட்டென்று. "பஸ்ஸு, டப்பா. வேற எதுக்கு வரப்போறோம் நாம."

மழை வலுத்தது. முதுகுத் துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ள அந்த அம்மாள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். அவளிடம் டப்பா எதுவும் இல்லை. நெஞ்சில் ஊசியால் குத்தியிருந்தது ஒரு சின்ன மஞ்சள் கெட்டில், கம்பளி நூலில் கையால் பின்னியது, மூக்குக்கு மட்டும் வேறு நூல், நூல் தீர்ந்துபோய்ச் சேர்த்தது போல. இதையெல்லாம் எந்தக் கட்சியும் கொடுப்பதில்லை. டெல்சி பார்த்துவிட்டதைப் பார்த்து, அவள் மறுபடி அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.