பாட்டர்நோஸ்டர் குழி

"கீழேயே இருங்க அத்தை, மேல ஆபீஸ்ல இருக்கிற என் கோட்டை எடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்று கெப்ஹார்ட் சொன்னதை மாமியார் கிரெசென்ஸ் கேட்கவில்லை. பாட்டர்நோஸ்டர் என்ற, நிற்காமல் சுற்றும் மரப்பெட்டி லிஃப்ட்டில் அவனோடு தானும் காலை வைத்தாள். கையிலிருந்த ஜெபமாலை நழுவி, பெட்டிக்கும் தரைக்கும் இடையிலிருந்த சந்தில் விழுந்தது.

அது அவனுடைய இறந்துபோன மனைவி ரோஸ்வித்தாவின் மாலை. இன்று சாயங்காலம் ஊர்க் கோயிலில் அவளுக்கு முதலாண்டு ஜெபம். கணவன்தான் அந்த மாலையைப் பிடித்துப் ஒவ்வொரு மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல வேண்டும். ஊர் மறுபாதியைச் சொல்லும். அடக்கத்தன்று அவனுக்கு வாயே திறக்கவில்லை. மாலை விழுந்ததும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

முதல் மாடியில் குதித்திறங்கி, படிவழியே கீழே வந்தார்கள்.

"பாட்டர்நோஸ்டர் விழுந்துடுச்சுப்பா" என்றாள் கிரெசென்ஸ், காவலாளி வாவ்ராவிடம்.

"விழலியேம்மா. நல்லாத்தானே சுத்துது."

"என் மக ஜெபமாலையைச் சொல்றேன். மெஷினை நிறுத்து."

"நிறுத்தினா லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்துதான் திரும்ப ஓட்டணும். வியாழக்கிழமை வருவாரு. அதுவரைக்கும் கட்டடமே என்னைத் திட்டும்."

"ரயிலுக்கு நேரமாச்சு, அத்தை. போகலாம்" என்றான் கெப்ஹார்ட்.

அவள் நகரவில்லை. வாவ்ரா பெருமூச்சு விட்டபடி அறைக்குள் போய்த் தூண்டில் கொண்டுவந்தார். ஒரே நூலில் வரிசையாகக் கொக்கிகள், நுனியில் ஈயக்குண்டு.

"டான்யூப் ஆத்துல இதாலதான் மீன் பிடிக்கிறேன். இதுக்கும் பாட்டர்நோஸ்டர்னுதான் பேரு."

"மரப்பெட்டிக்கு அந்தப் பேரு, மீன்பிடிக்க அந்தப் பேரு. லத்தீன்ல அது 'எங்கள் பிதாவே'ங்கற பரலோக மந்திரம், அதை மட்டும் எவனும் சொல்றதில்ல" என்று கிரெசென்ஸ் பொரிந்தாள்.

குழிக்குள் இறங்கிய கொக்கி, ஏறிவந்த பெட்டியின் அடிப்பலகையில் மாட்டியது. தூண்டில் வளைந்தது, வாவ்ராவும் கூடவே எழும்பினார். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிச் சிவப்புப் பொத்தானை அடித்தார்.

கட்டடம் அமைதியானது.

"வாவ்ரா!" மேலே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன பெட்டியிலிருந்து அலுவலக இயக்குநரின் குரல். "நான் சாப்பிடப் போகணும்யா. எவ்வளவு நேரமாகும்?"

"வியாழக்கிழமை, டைரக்டர் சார்" என்றார் வாவ்ரா எரிச்சலாக. பிறகு, "ஏணி எடுத்துட்டு வரேன்" என்று போனார்.

இனிச் சாக்கு ஏதுமில்லை. கெப்ஹார்ட் குழிக்குள் இறங்கினான். கிரீஸில் கறுத்துக் கிடந்தது மாலை.

"மணி எல்லாம் இருக்கா பாரு, மாப்ளே."

அதை எண்ண அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே: மணிக்கொரு மந்திரம். ரோஸ்வித்தா விரலால் தள்ளித் தள்ளித் தேய்ந்த முதல் பெரிய மணியைப் பிடித்தான்.

"பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே..."

மெல்லத்தான் சொன்னான். ஆனால் நின்றுபோன லிஃப்ட்டின் குழி அந்தக் குரலை மேலே கொண்டுபோனது. அவன் தன் பாதியை முடித்தான். மேலே மாட்டிக்கொண்ட இயக்குநரிடமிருந்து, பசியும் சலிப்புமாக, பழக்கதோஷத்தில் மறுபாதி இறங்கி வந்தது:

"எங்கள் அனுதின அப்பத்தை எங்களுக்கு இன்று அளித்தருளும்..."

கிரெசென்ஸ் மாலைக்குக் கை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்க. ஏறி வா, ரயிலுக்கு நேரமாச்சு."