கூப்பிடாமல் விட்ட பெயர்

வீட்டை அப்படியே தோளில் தூக்கிப் போக அடியில் மூங்கில்களைச் செருகிக் கட்டி முடித்ததும் ஆண்கள் எல்லோரும் ரொசெண்டாவைப் பார்த்தார்கள். இனி அவள் முறை. வீடு இடம் மாறும்போது அதில் வாழ்ந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் மட்டும் புது இடம் போவான், உயிர் பழைய மண்ணிலேயே தங்கிவிடும். சாமர் தீவுக் கரையில் இது குழந்தைக்கும் தெரியும். எதிரில் இல்லாதவர்களைக் கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிட்டால் அவர்கள் செத்தவர்கள் என்று அர்த்தம்.

புயலில் தெருவே கடலோடு போயிருந்தது. ஊர் ஒன்றுகூடி, தென்னந்தோப்பு மேட்டில் எல்லோருக்கும் வீடு எழுப்பிக் கொடுத்துவிட்டது. கோணலாகவாவது நின்ற ஒரே வீடு ரொசெண்டாவுடையதுதான். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று, ஆட்களைச் சேர்த்து நடத்தும் கவுடென்சியோ எத்தனையோ முறை சொல்லியும் அவள் பிடி கொடுக்கவில்லை. புயலன்று படகை இழுத்துக் கட்டப் போன கணவன் தாசியோ திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கிடைக்காதவரை அவன் வருவான். வரும்போது வீடு இங்கே இல்லையென்றால் எங்கே போய்த் தேடுவான்? அலை படிக்கட்டைத் தொட ஆரம்பித்த பிறகுதான் அரை மனதோடு தலையாட்டினாள்.

“ரொசெண்டா, வந்துரு. பிலிட்டா, வந்துரு.” தன் பெயரையும் மகள் பெயரையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“வேற யாராச்சும்?” என்றான் கவுடென்சியோ.

“வேற யாரு இருக்கா? தூக்குங்கண்ணே.”

வீடு பூப்போல எழும்பியது. “என்ன தங்கச்சி, உள்ள வெறும் காத்தத்தான் வச்சிருந்தியா?” என்று ஒருவன் கேட்டான். “நீயா தூக்குற? காலையில குடிச்ச கள்ளுல்ல தூக்குது,” என்றான் அடுத்தவன். சிரித்துக்கொண்டே நடந்தார்கள். பாதித் தோப்பு தாண்டியதும் பின்பக்க மூலை சடாரென்று தாழ்ந்தது. அங்கே தோள் கொடுத்தவர்களின் முழங்கால் மடிந்தது.

“எவன்டா மேல ஏறுனது?”

கவுடென்சியோ எட்டிப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. ரொசெண்டாவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டான். “கூப்பிட்டியா?”

“இல்லண்ணே.”

“நான்தான் கூப்பிட்டேன்,” என்றாள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்த பிலிட்டா. “அம்மா அப்பாவ மறந்துட்டாங்க.”

அறைந்துவிடலாம் போலிருந்தது ரொசெண்டாவுக்கு. கை எழவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து நான்கு பேர், யாரும் சொல்லாமலே, அந்த மூலைக்கு மாறிக்கொண்டார்கள்.

மேட்டில் வீட்டை இறக்கினார்கள். உதவிக்கு வந்தவர்களுக்கென்று கோழிக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் தட்டை எடுக்கவில்லை. புது இடத்தில் வீட்டுக்காரிதான் முதலில் ஏற வேண்டும்.

“வேணாம்னா சொல்லு தங்கச்சி,” என்றான் கவுடென்சியோ. “வீட்டத் திரும்பத் தூக்கிட்டுப் போயி, தாசியோவக் கரையில இறக்கி விட்டுட்டு வந்துடுறோம். ஒரு நடைதானே.”

தோளெல்லாம் கன்றிப்போய் நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்பதுபோல் பார்த்தார்கள். அவளுக்குப் பயமில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதெல்லாம் இதற்குத்தானா? கரைப்பக்கம் திரும்பினாள். வீடு இருந்த இடத்தில் தண்ணீர் ஏறியிருந்தது.

படியேறி உள்ளே போனாள். பின் மூலையில் தரை மூங்கில்கள் குழிந்து கிடந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருய்யா,” என்றாள். “புள்ள உள்ள வரணும்.”

பிறகு அவளை ஒட்டியிருந்த மூங்கில்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சுவரோரம் இருந்தவை மெல்ல வளைந்தன.