மூன்று நாள் லீவு

லினெட்டின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் ஹார்மோன் ஏற்பி துளிகூட இல்லை, பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. ஏற்பி இருந்தால் தினம் ஒரு மாத்திரை போட்டே நோயை அடக்கிவைக்கப் பார்க்கலாம், இல்லையென்றால் கடுமையான மருந்துகள்தான் என்று டாக்டர் கார்குழலி முன்பே சொல்லியிருந்தார். அறுபது வயதில் முடி கொட்டினால் கொட்டட்டும், உயிர் தங்குமா என்பதுதான் லினெட்டின் பயம்.

டாக்டரோ ரிப்போர்ட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். கட்டி சின்னது, மெதுவாக வளர்கிற ரகம், அக்குளுக்கும் பரவவில்லை. இவ்வளவு சாதுவான கட்டிக்குப் பூஜ்யம் வருவது அபூர்வம் என்றவர், ஆபரேஷன் முடிந்து கட்டியை லேபில் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த கணவர் ஜூலியன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மனுஷன் நாற்பது வருஷத்தில் வீட்டுச் சாவியைக்கூடத் தொலைத்ததில்லை. ஆகஸ்ட் பதினாலாம் தேதி சாயங்காலம் கட்டியைப் போட்ட டப்பாவை லேபில் கொடுக்கச் சொல்லி அவர் கையில்தான் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் சுதந்திர தினம், மாதா விண்ணேற்புத் திருநாளும்கூட. அதற்கு மறுநாள் புதுச்சேரிக்கே உரிய லீவு. அப்புறம் ஞாயிறு.

"நான் போறதுக்குள்ள லேப பூட்டிட்டாங்க டாக்டர். வீட்ல மாதா படத்துக்குக் கீழ வெச்சி, மூணு நாளும் மெழுகுவத்தி ஏத்தினேன். திங்கக்கிழமதான் குடுத்தேன்."

லினெட்டுக்கே இது புதுச் செய்தி. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. டப்பாவிலிருக்கும் மருந்துத் தண்ணீரில் அத்தனை நாள் ஊறினால் ஏற்பியைக் காட்டும் சாயம் சதையில் பிடிக்காமல், பூஜ்யம் என்று தப்பாக வரலாம் என்று சொல்லி, அப்போதே லேபுக்குப் போன் போட்டார். அங்கே வேலை பார்க்கும் துர்கா, ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு பத்திரமாக இருக்கிறது, அதில் பார்த்துவிடுகிறேன் என்றாளாம்.

அந்த வாரம் முழுக்க ஜூலியனுக்குச் சோறு இறங்கவில்லை. லினெட்டுக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை.

இந்த முறை ஏற்பி தொண்ணூறு சதவீதம் என்று வந்தது. லினெட் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகம் தெரியாத அந்தத் துர்காவுக்கும் சேர்த்துத்தான்.

"சார் ஒளிக்காம சொன்னாரும்மா. இல்லன்னா இது வெளிய வந்திருக்காது" என்றார் டாக்டர்.

சார் உள்ளே வரவே இல்லை, வராந்தா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். லினெட் மாத்திரை அட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"அஞ்சு வருஷம், தெனம் ஒண்ணு. நீங்கதான் எடுத்துத் தரணும்."

"என் கையிலயா லினெட்?"

"வேற யார் கையில?"

ஜூலியன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துக் காலாவதித் தேதியை விரல்வைத்து, உதடு அசைய வாசிக்க ஆரம்பித்தார்.