கப்பல் விலாவில் ஒரு கொடி

சிவப்பு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது, இரண்டு கயிற்றில் தொங்கும் பலகை கப்பலின் விலாவில் இடித்து இடித்து விலகுகிறது, நாற்பதடி நீளக் கொடி, நான் தீட்டுவது ஐந்தாவது கோடா ஆறாவதா, முகத்தில் அடிப்பது நியூயார்க் துறைமுகத்துக் குளிரா, நாகூரில் வள்ளத்துக்குத் தார் பூசிய நாளின் வெயிலா, தெரியவில்லை, இயந்திர அறையிலிருந்து மூச்சு வாங்க மேலே வந்த கவுஸ் மச்சான், என் அக்கா, லாத்தாவின் வீட்டுக்காரர், கம்பியில் சாய்ந்துகொண்டு, மாப்ள, நட்சத்திரத்த எண்ணிப் போடு, ஒண்ணு கொறஞ்சாலும் அமெரிக்காக்காரன் ஒன்னயத் தண்ணில தள்ளிடுவான் என்று சிரிக்கிறார். ஐரோப்பாவில் சண்டை மூண்ட வருஷம் அது, அமெரிக்கா சண்டையில் இல்லை, நீர்மூழ்கிகள் தூரத்திலேயே கண்டு விலகிப் போகட்டும் என்றுதான் இவ்வளவு பெரிய கொடி, அது அவங்க சண்டை, நமக்கென்ன என்கிறார் மேஸ்திரி கெல்லி, அதை நம்பி நான் லாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறேன், மச்சானை நினைத்துப் பயப்படாதே, கொடியை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

முதலில் கோதுமை போனது, சண்டையில்லாத ஊருக்கு மட்டும், அப்புறம் லாரிகள், இத்தோட சரி என்றார் கெல்லி, அப்புறம் உள்ளே என்னவென்று யாரும் கேட்காத பெட்டிகள், பாதிக் கடல் வரைக்கும்தான், இத்தோட சரி, அப்புறம் காவலுக்குப் போர்க்கப்பல் கூடவே போனது, ஒவ்வொரு முறையும் உப்பு தின்ற கொடியை நான் புதுப்பித்தேன், ஒவ்வொரு முறையும் மச்சான் போய் வந்தார், இரண்டு வருஷம் ஒரே நாளைப் போல நீண்டுகொண்டிருந்தது, அதில் எந்தக் காலையில் நாங்கள் சண்டைக்குள் வந்தோம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சட்டம் மாறிவிட்டது, கொடியை அழி, சாம்பல் நிறம் பூசு என்று கெல்லி சொன்ன அன்று பின்தளத்தில் பீரங்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எறங்கிடுங்க மச்சான், லாத்தாவுக்கு நா என்ன பதில் சொல்லுவேன் என்றேன், அவர் வெகுநேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார், கோதுமைக்குப் போனேன், லாரிக்குப் போனேன், பெட்டிக்கும் போனேன், இப்ப மட்டும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எறங்குறது, வேணாண்டு சொல்லியிருந்தா மொதல்லயே சொல்லியிருக்கணும் மாப்ள, அது எந்த மொதலுண்டுதான் வெளங்கல.

சிவப்பின் மேல் நேராகச் சாம்பல் பூசக் கூடாது, நடுவில் அலுமினியப் பூச்சு ஒன்று கொடுக்காவிட்டால் பத்து நாளில் சிவப்பு மேலே கசிந்து வந்துவிடும், பூச்சுக்காரன் எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்தேதான் அந்தப் பூச்சை விட்டேன், நடுக்கடலில் கொடி தானாக வெளியே வரட்டும், பார்ப்பவன் விலகிப் போகட்டும், லாத்தாவுக்கு எழுதியது பொய்யாகாமல் இருக்கட்டும் என்று.

கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் ஒரு முழம், இரண்டு முழம், கம்பியோரம் வந்த மச்சான் குனிந்து சொல்கிறார், நல்ல வேள மாப்ள, அழிச்சிட்டே, போன தடவ எங்களுக்கு முன்னால போன கப்பல அந்தக் கொடியக் குறி வச்சித்தான் நீர்மூழ்கிக்காரனுவ அடிச்சானுவ, பீரங்கி ஏத்துனவன் கொடிக்கு இனி எவனும் பயப்பட மாட்டான், ஒன் லாத்தாவுக்குத் தைரியமா எழுது.

அலுமினியம், மச்சான், அலுமினியம் பூசச் சொல்லுங்க என்று கத்துகிறேன், இழுவைப் படகின் ஊதல் அதை விழுங்குகிறது, கரையோரமாக ஓடுகிறேன், கையில் தூரிகை இல்லை, பலகை இல்லை, வெறுங்கையால் காற்றில் பூசிக் காட்டுகிறேன், மேலும் கீழும், மேலும் கீழும், இன்னொரு பூச்சு, இன்னொரு பூச்சு, மச்சான் பார்த்துவிட்டார், வழியனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் கையைத் தூக்கி அதே மாதிரி, மேலும் கீழும், நிதானமாக ஆட்டிக்கொண்டே போகிறார்.