முதல்ல கோல், அப்புறம் கால்

சின்னவள் புவியியல் படிக்கச் சேர்ந்தது புவியியலுக்காக அல்ல, செத்துப்போன அண்ணனின் குரலைக் கேட்பதற்காக. இதைக் கல்லூரியில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பைத்தியம் என்று ஒதுங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் பாவம் என்று தலையைத் தடவியிருப்பார்கள். இரண்டாவது இன்னும் மோசம்.

அந்தத் துறையில் இரண்டாம் ஆண்டுக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் ஆற்றங்கரைக்குப் போய் நீரின் வேகத்தையும் ஆழத்தையும் அளக்க வேண்டும். இருவருக்கு ஒரு டேப்லெட், தண்ணீர் புகாத உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பட்டையோடு. அதில் ஒரு செயலி. கரையில் ஓரிடத்தில் நின்று, அங்கே கவனிக்க வேண்டியதைப் பேசிப் பதிந்தால், பேச்சு அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற மாணவன் அதே இடத்தில் வந்து நின்றதும் டேப்லெட் அதிரும், குரல் பேசும். வேறு எங்கே நின்றாலும் பேசாது. பாடத்தைப் பாடம் நடக்கிற இடத்திலேயே சொல்லித் தருகிறார்களாம். நல்ல யோசனைதான். பேசியவன் செத்துப்போனால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

அவள் அண்ணன், வீட்டுக்குப் பெரியவன், அதே துறையில் படித்தபோது அந்தக் கரை நெடுகக் குறிப்புகள் பதிந்துவைத்திருந்தான். அவன் ஆற்றில் சாகவில்லை. இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில் லாரி அடித்துப் போட்டது. கைபேசியும் அவனோடு நொறுங்கிப்போனது. வீட்டில் அவன் குரல் என்று ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. அம்மா அழவில்லை. அழுதுவிட்டால் தேவலை என்று உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருந்து பார்த்துவிட்டு, அலுத்துப்போய் எழுந்து போனார்கள்.

சின்னவள் இரண்டாம் ஆண்டுக்கு வந்தாள். சொந்தக் கைபேசியைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டும் என்பது விதி. அவள் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். டேப்லெட் அண்ணன் குரலில் பேசும்போது கைபேசியை அதன் அருகில் பிடித்துப் பதிந்துகொண்டு வந்து அம்மாவிடம் போட்டுக்காட்டினாள். நன்மை செய்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

"குரல் கம்மியிருக்குடி. ராத்திரி முழிச்சிருந்திருப்பான்" என்பாள் அம்மா. "அடுத்த வாரம் பார்த்தா நேரத்துக்குத் தூங்கச் சொல்லு."

ஆற்று மணலைப் பற்றி அவன் சொன்ன ஒரு வரியைக் கேட்டுவிட்டு, பிள்ளை இளைத்துவிட்டான் என்று கண்டுபிடித்தாள். மகளிடம் தினமும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆற்றுக்கு எப்போது போவாய்? அந்த வீட்டில் உயிரோடு இருந்த பிள்ளை யார், செத்த பிள்ளை யார் என்று சின்னவளுக்கே சில நாள் குழம்பியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பூதத்துக்கு வாராவாரம் வழித்துணையாகப் போய் வந்ததும் அவள்தான்.

பருவத்தின் கடைசி வகுப்பு, ஆற்றில் இறங்கிக் கடக்கிற படித்துறையில். கடைசிக் குறிப்பும் அங்கேதான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரியவன் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் வழியெல்லாம் கலங்கினாள்.

வகுப்பை நடத்தியவரை மாணவர்கள் தண்ணி சார் என்பார்கள். நீரோட்டம் சொல்லித் தருபவர் என்பதால் வந்த பெயர். மற்றபடி ஒரு சொட்டு தொடாத மனிதர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கமான மந்திரத்தைச் சொன்னார்: "முதல்ல கோல், அப்புறம் கால். எவன் என்ன சொன்னாலும் சரி, கோலை விட்டு ஆழம் பார்க்காம எவனும் கால் வைக்கக் கூடாது."

சின்னவளின் ஜோடி, கனமான கண்ணாடி போட்ட ஒரு பெண். வகுப்பே அவளைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டது. இருவரும் மற்றவர்களை முந்திக்கொண்டு துறைக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னவளின் மார்பில் டேப்லெட் அதிர்ந்தது.

"வாங்க பசங்களா, இங்கே இறங்குங்க. கீழே கெட்டி மணல், முழங்காலுக்குத்தான் தண்ணி. பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல?"

அவன் சிரித்துக்கொண்டே பேசியிருந்தான். சின்னவள் கைபேசியை எடுக்கவும் மறந்து நின்றாள். கோல் அவள் கையில்தான் இருந்தது. அவளுக்கும் அது ஞாபகம் வரவில்லை, சோடாபுட்டிக்கும் வரவில்லை. இவ்வளவு தெம்பாக ஒருவன் கூப்பிடும்போது எதற்குக் கோல்? சோடாபுட்டி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இரண்டாவது அடியில் தலை மறைந்தது.

சின்னவள் குதித்தாள். கீழே தரையே இல்லை. எட்டிப்பிடித்த தலைமுடியை விடாமல், கரையோரத்து வேரை இன்னொரு கையால் பற்றி, எப்படியோ இருவரும் மேலே வந்து விழுந்தார்கள். சோடாபுட்டி கண்ணாடியில்லாமல் இருமிக்கொண்டே அழுதாள். சின்னவளின் இடுப்பில் இருந்த கைபேசி, அதுவரை பதிந்த குரல்களோடு செத்திருந்தது.

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவன் நின்றபோது அங்கே மணல் இருந்தது. போன மழையில் வந்த வெள்ளம் அதை வாரிக்கொண்டு போய்விட்டது. ஆறு மாறிவிட்டது, அவனால்தான் மாற முடியவில்லை. இன்னும் அங்கேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

அதற்குள் மற்றவர்கள் கரையில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு டேப்லெட்டாக அதிர்ந்தது. ஒன்று "வாங்க பசங்களா" என்றது, இன்னொன்று "கெட்டி மணல்" என்றது, முன்னும் பின்னுமாக, எல்லாம் பெரியவன் குரல். மரத்தடியெல்லாம் அவனே நிற்பதுபோல் இருந்தது.

"இறங்காதீங்க! ஆழம்!" என்று கத்தினாள் சின்னவள்.

"நீங்க மட்டும் குளிச்சா போதுமா?" என்று சிரித்தான் ஒருவன். அவன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

குறிப்பை நீக்க ஒரே வழி, திரையில் 'ஆபத்து' என்பதை அழுத்துவது. அழுத்தினால் எல்லா டேப்லெட்டிலிருந்தும் அது அந்தக் கணமே போய்விடும், திரும்ப வராது. அவள் விரல் தயங்கியது. இன்னொரு தரம் கேட்டுவிட்டு அழுத்தலாமா என்று நினைத்தாள். அந்தக் கணத்தில் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தவனின் உயிர் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதை நினைத்து அவள் பிற்பாடு வெகுநாள் கூசிப்போனாள்.

"நான் இருக்கேன்ல?" என்றது எங்கோ ஒரு டேப்லெட்.

அவள் அழுத்தினாள். எல்லாக் குரலும் ஒன்றாக நின்றது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பையன் ஒரு காலைத் தூக்கியபடி, என்ன ஆயிற்று என்று டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தான்.

தண்ணி சார் ஓடி வந்து கோலை விட்டுப் பார்த்தார். கோல் முழுக்க உள்ளே போனது. "குறிப்பை யாரும்மா அழிச்சது?"

"நான்தான் சார்."

"நல்ல காரியம் பண்ணே" என்றார். அது அவள் அண்ணனின் குரல் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "என்னடி கோலம் இது? தண்ணியில இறங்கினியா?"

"ஆமாம்மா."

"அவன்தான் இறங்கச் சொன்னானா?"

கேலியில்லை. சொல் தட்டாத தங்கை என்று பெருமைப்படுகிற குரல். அவன் கூப்பிட்டால் அம்மாவும் இறங்கிவிடுவாள் என்று சின்னவளுக்குத் தோன்றியது. வாயில் தயாராக இருந்த பொய்யை விழுங்கிக்கொண்டாள்.

"சொன்னான்மா. நான் இருக்கேன், வான்னு கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். அங்கே அவன் இல்லம்மா."

"இல்லையா?"

"இல்லம்மா. எங்கேயும் இல்லை."

அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழத் தொடங்கினாள்.