வாயை மறைத்துக் கேட்ட கேள்வி

காது கேட்கும் கருவி விற்கிற கடைக்கு ஆடியோ பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம் என்பது தங்கையின் யோசனை. வருகிறவர்களுக்கெல்லாம் காது மந்தம். அவர்களைப் போய்க் கேளுங்கள் கேளுங்கள் என்றால் எப்படிக் கேட்பார்கள்? அந்த நேரத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இணையத்தில் தேடினால் தெருமுனைப் பெரிய கடைதான் முதலில் வந்து நிற்கும். இவர்கள் கடை எங்கோ அடியில் கிடக்கும். "ஆள் வரலைன்னா இழுத்து மூடிட வேண்டியதுதான்" என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். காதைப் பரிசோதிப்பது அக்கா, கருவியைப் பழுது பார்ப்பது தங்கை. கடை போனால் தங்கைக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆடியோவில் அக்கா சொதப்பித் தள்ளினாள். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கைப் பார்த்துப் பேசினார்கள். "கருவியை எப்படிச் சுத்தம் பண்ணணும்?" என்று கேட்டால், "சத்தம் ஜாஸ்தின்னா குறைச்சுக்கலாம்" என்றாள். அதையெல்லாம் தங்கை வெட்டி எறிந்து ஒப்பேற்றினாள். ஒரே ஒருத்தி கருத்து எழுதியிருந்தாள்: 'மாமியாருக்குப் போட்டேன். அவங்களுக்குக் கேக்கலை.'

தங்கை தலையில் அடித்துக்கொண்டு வீடியோவுக்கு மாறினாள். கீழே எழுத்து ஓடும். இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். இப்போது அக்கா வெளுத்துக் கட்டினாள். கேட்ட கேள்விக்குப் பளிச்சென்று பதில். பார்க்கிறவர்கள் கூடினார்கள், கடைக்கும் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். அப்படியும் அக்கா மூடுகிற பேச்சை விடவில்லை. தங்கைக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் கை நின்றது. கழன்ற ஒயரைச் செருகக் குனிந்தபடியே, "பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அக்கா சிரித்த முகத்தோடு, "எல்லா நாளும் திறந்திருப்போம்" என்கிறாள். தங்கை அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

எழுந்து அக்காவின் மேஜைக்குப் போனாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு, "அக்கா, டீ குடிக்கிறியா?" என்றாள். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறவர்களைக் கண்டுபிடிக்க அக்கா தினமும் செய்கிற வேலை அது.

அக்கா அந்தக் கையையே பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டியா?"

தங்கை கையை இறக்கினாள். "எப்பலேர்ந்துக்கா?"

"ரொம்ப நாளா. கடைக்காரிக்கே காது கேக்கலைன்னா எவடி உள்ள வருவா? வெளியே தெரியறதுக்கு முன்னாடி மரியாதையா மூடிடலாம்னு பாத்தேன்."

தங்கைக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கருவி போட்டுக்கொள்ள வெட்கப்படாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது! "ஊருக்கு மட்டும் உபதேசம் பண்ணு. எழுந்திரு. போய் அந்த நாற்காலில உக்காரு" என்றாள்.

அக்கா பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். "கேமராவைப் போடு. போற மானம் முழுசா போகட்டும்" என்றாள்.

பரிசோதனை முடிந்தது. தங்கை ஒரு கருவியை எடுத்து, அளவு பார்த்து அக்காவின் காதில் பொருத்தினாள். பின்னால் நின்றபடியே, "அக்கா, கேக்குதா?" என்றாள்.

அக்கா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"ஏண்டி இந்தக் கத்துக் கத்துறே? கடைக்கு வர்றவங்க பயந்து ஓடிடப் போறாங்க."

அக்காவிடம் கத்தியே பேசிப் பழகியிருக்கிறோம் என்பதே தங்கைக்கு அப்போதுதான் தெரிந்தது.