முதல் மழைக்கு மறுநாள்

தாலிக்கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்தாள் கனகேஸ்வரி. காப்பு, கைக்கடிகாரம், தலையூசி எல்லாம் பின்னால் போயின. வீட்டுக்காரி டோரின் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புருஷன் யாழ்ப்பாணத்தில. நீ தாலியக் கழட்டிப்போட்டுக் கடலுக்குப் போறாய்."

"உலோகம் பட்டா தண்ணி பழுதாப்போயிடும் அக்கா. கடலில இரும்பு பொட்டளவுதான் இருக்கு. அதை நம்பித்தான் பாசி வளருது. அந்தப் பாசிதான் காத்தில இருக்கிற கரிவாயுவ உள்ளுக்கு இழுக்குது."

"கடலுக்கும் ரத்தம் காணாதோ? முருங்கையிலை அவிச்சு ஊத்துவம்."

கனகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் அவள் வாய் திறந்து கதைத்தது இதுதான். யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒன்பது மாதம். புருஷன் நமசிவாயத்தின் கடைசிக் கடிதம் கப்பலில் வந்து மூன்று மாதம்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய இரண்டு வருட அளவீடுகளில் ஒரேயொரு கட்டம்தான் காலி: முதல் பெருமழைக்கு மறுநாள், செம்மண் கரைந்து கொழும்பு வெள்ளவத்தை வாய்க்கால் வழியாகக் கடலில் இறங்கும் காலை. போன வருடம் அது இராணுவச் சுற்றிவளைப்பில் தவறிப்போயிற்று. அடுத்த மழைக்கு இந்த இரும்புச் செறிவு இராது.

போகும்போது தண்டவாளத்தடி இராணுவக் காவலரணில் யாருமில்லை. தொடையளவு தண்ணீரில் நின்று, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்ரிக் போத்தலை அலைக்கு அடியில் திறந்து, நிரப்பி, மூடினாள். திரும்பித் தண்டவாளத்தைக் கடக்கையில் ஒரு சிப்பாய் மறித்தான். அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு வெறுங்கழுத்தை.

"கசாத பந்தலாத?"

"ஓவ்." கட்டியவள்தான் என்றாள்.

தாலி எங்கே என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். அவளுடைய சிங்களம் கடையில் விலை கேட்கக் காணும். இரும்பையும் பாசியையும் சொல்லக் காணாது. வேலைக்காகக் கழற்றினேன் என்றாள். சொன்ன பிறகு அது இன்னும் மோசமாகக் கேட்டது.

அவன் பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்து நீட்டினான். "பீலா பென்னன்ன."

குடித்துக் காட்டு. வெடிமருந்தோ என்று போத்தல் கொண்டுபோகிற எவரிடமும் அந்த நாட்களில் கேட்பதுதான். உதடு பட்டாலே தண்ணீர் கெட்டுவிடும். மூடியில் கைவைத்தபடி நின்றாள். அவள் தயங்கத் தயங்க, துவக்கு அவன் தோளிலிருந்து இறங்கிற்று.

குடித்தாள். உப்பும் மண்ணும் தொண்டையைக் கிழித்தன. குனிந்து ஓங்காளித்தாள்.

"முஹுது வதுர?" கடல் தண்ணீரா என்று கேட்டவன் முகம் மாறிப்போயிற்று. தன்னுடைய தகரக் குடுவையை நீட்டினான். "பொன்ன, அக்கே." குடியுங்கள் அக்கா.

பைக்குள் இன்னொரு சுத்தமான போத்தல் இருந்தது. "இன்னொருக்கா எடுத்திட்டு வாறன்" என்று கடலைக் காட்டினாள். தமிழில் வந்துவிட்டது.

அவன் தலையை அசைத்தான். "பே." முடியாது.

வாய்க்கால் வாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் நீண்டு, கற்பாறையைச் சுற்றி, ஆழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வெளி விளிம்பு மங்கத் தொடங்கியிருந்தது. கோட்டையிலிருந்து வந்த ரயில் அவளுக்கும் கடலுக்கும் நடுவில் புகுந்தது. ஓடுகிற பெட்டிகளின் இடைவெளிகளில் சிவப்புத் தெரிந்தது, பிறகு சாம்பல், பிறகு கொஞ்சம் சிவப்பு.